மூச்சுக்குழாயில் ஒரு வேர்க்கடலை

பாஞ்சாலியின் பொறுப்பில் இருந்த ஐந்து ஊர்களிலும் மனித உடம்புக்குள் இருந்தது ஒரே ஒரு உறுப்புதான். வயிறு. தலை வலித்தால் வயிற்றில் சூடு. நெஞ்சு வலித்தால் வயிற்றிலிருந்து கிளம்பிய வாயு மேலே ஏறிவிட்டது. முதுகு பிடித்துக்கொண்டால் அதே வாயு பின்பக்கமாகப் போய் நின்றுவிட்டது. கைப்பிள்ளைக்கு மூக்கு ஒழுகினால் தாய்க்காரி தயிர் தின்றிருப்பாள். கிராம சுகாதார செவிலியர் பயிற்சியில் பதினெட்டு மாதம் உட்கார்ந்து, இதயத்துக்கு நாலு அறை, நுரையீரல் வலப்பக்கம் மூன்று மடல் இடப்பக்கம் இரண்டு மடல், சிறுநீரகம் ஒரு ஜோடி என்று விடியவிடியப் படித்து வந்தவள் அவள். படித்ததையெல்லாம் யாரிடம் சொல்வது என்று ஐந்து வருடமாகத் தெரியவில்லை.

சொல்லாமலும் இல்லை. சேரப்பணஞ்சேரியிலிருந்து இரண்டு மைல் உள்ளே, ஏரிக்கரையை ஒட்டிய ஊரில் அவளுடைய துணை சுகாதார நிலையம் இருந்தது. ஓட்டுக் கூரை போட்ட ஒற்றை அறை. அதில் மாவட்ட அலுவலகம் அனுப்பிய பெரிய படம் ஒன்றை மாட்டினாள். தோல் உரித்த மனிதன் ஒருவன், உள்ளே இருப்பது அத்தனையும் தெரிய, கையை அகட்டிக்கொண்டு நிற்பான். மாட்டிய மூன்றாம் நாளே ஊர்த் தலைவர் எல்லப்பன் வந்துவிட்டார். பிள்ளைத்தாய்ச்சிகள் வந்துபோகிற இடத்தில் இந்தக் கோலத்தில் ஒருத்தன் நிற்கலாமா என்றார். கடைசியில் படத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டுவது என்று முடிவானது. அன்றிலிருந்து ஊர்க்காரர்கள் பார்த்ததெல்லாம் படத்தின் பின்னால் ஒட்டியிருந்த வெள்ளைத் துணியைத்தான். யாருக்காவது எதையாவது விளக்க வேண்டுமென்றால் பாஞ்சாலி அவனைத் திருப்புவாள், சொல்லி முடித்ததும் மறுபடி சுவரைப் பார்க்க வைத்துவிடுவாள்.

தொண்ணூற்றொன்றாம் வருடம் ஆவணி மாதம். ஊர் முழுக்க வேர்க்கடலை பிடுங்கிக் களத்தில் காயப்போட்டிருந்தார்கள். அன்றைக்குப் புதன்கிழமை, தடுப்பூசி நாள். பன்னிரண்டு பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்பியதில் வந்தது நாலு. வராதவர்களைத் தேடிக்கொண்டு ஐஸ் பெட்டியும் பையுமாக வீடுவீடாகப் போனவள், கங்கா வீட்டு வாசலில் நின்றாள். கங்காவின் மகள் மதிவதனிக்கு இரண்டு வயது. பூஸ்டர் ஊசிக்கு ஆறு மாதமாக டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்த பிள்ளை.

பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, சளி கட்டியிருக்கிறது, ஊசி வேண்டாம் என்று கங்கா கதவு நிலையிலேயே சொன்னாள். இதை ஐந்து ஊரிலும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த சாக்கு என்றுதான் பாஞ்சாலி நினைத்தாள். ஆனால் இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்ததும் அந்த நினைப்பு போய்விட்டது. மூச்சு வேகமாக ஓடியது. கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள், நிமிஷத்துக்கு ஐம்பதுக்கு மேல். சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். இடது மார்பு ஏறி இறங்கியது. வலது மார்பு சும்மா இருந்தது.

அவளிடம் ஸ்டெதஸ்கோப் கிடையாது. கர்ப்பிணிகளின் வயிற்றில் வைத்து உள்ளே இருக்கும் பிள்ளையின் துடிப்பைக் கேட்கிற அலுமினியக் குழல்தான் உண்டு. அதன் அகன்ற வாயைப் பிள்ளையின் இடது மார்பில் வைத்து, மறுமுனையில் காதை வைத்தாள். பிள்ளை அழுதது நல்லதாகப் போயிற்று, காற்று இரைச்சலோடு உள்ளே போவது கேட்டது. வலது பக்கம் வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. முதுகுப் பக்கம் வைத்தும் கேட்கவில்லை. எங்கேயோ ஒரு மெல்லிய விசில் மட்டும் வந்தது.

எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டாள். போன வியாழக்கிழமையிலிருந்து என்றாள் கங்கா. களத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை வேர்க்கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறது. தடுக்கி விழுந்திருக்கிறது. உடனே இருமல், முகமெல்லாம் நீலம், கண் பிதுங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் தானாகவே அடங்கியது. மறுநாள் காலையில் ராஜம்மாவிடம் தூக்கிக்கொண்டு போய்த் தொக்கம் எடுத்தாகிவிட்டது.

பாஞ்சாலிக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. பிள்ளை தின்றது உள்ளே எங்கேயோ சிக்கிச் செரிக்காமல் நின்றுவிட்டால் அதன் பேர் தொக்கம். அதை எடுக்க ஊருக்கு ஊர் ஆள் உண்டு. இந்த ஊரில் ராஜம்மா. பிள்ளையின் வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி நீவுவாள். தொப்புள்மேல் ஒரு பித்தளைக் குழாயை வைத்து வாயால் உறிஞ்சுவாள். பிறகு தண்ணீர் வைத்த கிண்ணத்தில் துப்புவாள், அதில் பிள்ளை தின்றது மிதக்கும். பிள்ளை முறுக்கு தின்றிருந்தால் முறுக்கு, ஆப்பிள் தின்றிருந்தால் ஆப்பிள். தொப்புளுக்கும் தொண்டைக்கும் நடுவே எத்தனை இருக்கிறது என்று அந்தப் படத்து மனிதனைக் கேட்டால் சொல்வான்.

"மறுநாளே எடுத்தாச்சு நர்சம்மா" என்றாள் கங்கா. "ராஜம்மாக்கா துப்புனதும் கிண்ணத்துல வுழுந்துச்சு, இம்மாந்துண்டு. நான் என் கண்ணால பார்த்தேன். இது வெறும் சளி."

"கொழந்த வாயில போட்டது காஞ்ச கடலையா, வெந்த கடலையா?"

"காஞ்சது. களத்துல பொறுக்குனது."

"ராஜம்மா எடுத்துக் காட்டினது?"

கங்கா யோசித்தாள். "வெந்தா மாரிதான் இருந்துச்சு."

"காஞ்ச கடல உள்ள போயி, வெந்த கடல எப்படிம்மா வெளிய வரும்?"

"ஒரு ராத்திரி முச்சூடும் வயித்துல கெடந்துச்சே. அந்தச் சூட்டுல வேவாதா?"

பாஞ்சாலி வாசல்படியில் உட்கார்ந்து, ஐஸ் பெட்டியின்மேல் விரலால் கோடு போட்டுக் காட்டினாள். தொண்டைக்குக் கீழே குழாய் இரண்டு. பின்னால் போவது சோற்றுக்கு, அது வயிற்றுக்குப் போகும். முன்னால் போவது மூச்சுக்கு, அது நெஞ்சுக்குப் போகும். மூச்சுக்குழாய்க்குமேல் ஒரு மூடி உண்டு, விழுங்கும்போது மூடிக்கொள்ளும். ஓடிக்கொண்டே தின்றால், விழுந்தால், சிரித்தால், அந்த மூடி திறந்திருக்கிற நேரத்தில் கடலை வழி தவறிப் போய்விடும். அது வயிற்றுக்கே போகவில்லை, நுரையீரலுக்குப் போகிற குழாயில் உட்கார்ந்திருக்கிறது. ஈரத்தில் ஊறி ஊதிக்கொண்டே போகும். அடைபட்ட பக்கம் சீழ் வைத்து அழுகும். எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போனால் எடுத்துவிடுவார்கள். போகாவிட்டால் பிள்ளை பிழைக்காது.

கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்கக் கூடாது. கங்காவின் முகம் மாறிவிட்டது. நல்ல நாளும் அதுவுமாய் வாசலில் நின்று பிள்ளையைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் பிள்ளையோடு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் பாஞ்சாலி மறுபடி வந்தாள். இந்தத் தடவை படத்தைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு வந்தாள். கங்காவின் புருஷன் புருஷோத்தமன் முதல் ஷிப்ட் முடிந்து வந்திருந்தான். மறைமலை நகரில் ஏதோ ஒரு கம்பெனியில் கம்ப்ரஸர் பகுதியில் அவனுக்கு வேலை. தினமும் சைக்கிளில் சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் மிதித்துப் போகிறவன், பொறுமைசாலி, சொன்னால் கேட்டுக்கொள்வான் என்று பேர். படத்தைக் கயிற்றுக் கட்டிலில் விரித்தாள். அவன் தோல் உரித்த மனிதனைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. குனிந்து ஆர்வமாகப் பார்த்தான்.

மூச்சுக்குழாய் கீழே வந்து இரண்டாகப் பிரிகிற இடத்தை அவளே காட்டுவதற்குள் அவன் விரல் வைத்துவிட்டான். இது கம்பெனியில் காற்று போகிற ஏர் லைன் மாதிரியே இருக்கிறது என்றான். வலது பக்கம் லைன் கொஞ்சம் அகலம், நேராக இறங்குகிறது, இடது பக்கம் வளைந்து போகிறது, அதனால் ஸ்க்ராப் ஏதாவது விழுந்தால் வலது பக்கம்தான் போய் உட்காரும் என்று அவனே சொன்னான். பாஞ்சாலிக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஐந்து வருடத்தில், ஐந்து ஊரில், அந்தப் படத்தைப் பார்த்துப் புரிந்துகொண்ட முதல் ஆள்.

"அதேதான் புருஷோத்தமா. அதான் வலது பக்கம் காத்தே போவல" என்றாள்.

"கரெக்டு மேடம். அடைப்பு இருந்தா இப்டிதான் ஆவும்" என்று அவன் நிமிர்ந்தான். "ஆனா நமக்குத்தான் அடைப்ப எடுத்தாச்சே. நானும் கூடத்தான் இருந்தேன். இப்ப லைன்ல தண்ணி கோத்துகினு கீது, அவ்ளோதான். சளி கரைஞ்சா சரியாப் பூடும்."

எடுத்தது அந்தக் கடலை இல்லை, ராஜம்மா வாயில் ஒளித்து வைத்திருந்தது, அவள் பண்ணுவது முழுப் பொய் என்று பாஞ்சாலி பொரிந்து தள்ளினாள். அவன் கோபப்படவில்லை, சிரித்தான். எழும்பூரில் நெஞ்சைக் கிழிப்பார்கள் என்று கங்கா பயப்படுகிறாள் என்றான். கிழிக்க மாட்டார்கள், மயக்கம் கொடுத்து வாய் வழியாக ஒரு குழாயை விட்டு எடுத்துவிடுவார்கள் என்று அவள் சொன்னாள்.

"அதத்தான் மேடம் ராஜம்மாக்காவும் பண்ணுச்சு" என்றான் அவன்.

பாஞ்சாலி படத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் தனக்குத்தானே பேசிக்கொண்டு போனாள். எதிரே வந்த மாட்டு வண்டிக்காரன் ஒதுங்கி வழி விட்டான்.

வியாழக்கிழமை எப்படியோ கெஞ்சிக் கூத்தாடிக் கங்காவையும் பிள்ளையையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் கையால் ஒரு சீட்டு வாங்கிவிட்டால், எழும்பூருக்கு அனுப்புகிறேன் என்று அவர் எழுதிவிட்டால், புருஷோத்தமன் மறுக்க மாட்டான் என்பது அவள் கணக்கு. வெளி நோயாளிகள் வரிசை வேப்பமரம் தாண்டி நின்றது. டாக்டர் பிள்ளையின் சட்டைமேலேயே ஸ்டெதஸ்கோப்பை ஒரு தரம் வைத்து எடுத்தார். நெஞ்சில் சளி என்று சொல்லி இருமல் மருந்தும் மாத்திரையும் எழுதினார். வலது பக்கம் காற்றே போகவில்லை சார், கடலை தின்றபோது புரையேறிய பிள்ளை சார் என்று பாஞ்சாலி இரண்டு தரம் சொன்னாள். எதை வைத்துப் பார்த்தாய் என்று கேட்டார். அலுமினியக் குழலைக் காட்டினாள். அவர் சிரித்தபடி, கர்ப்பிணிகளைப் போய்க் கவனி பாஞ்சாலி, நெஞ்சை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டான்.

திரும்பும் பஸ்ஸில் கங்கா முகத்தில் நிம்மதி. டாக்டரே சளி என்று சொல்லிவிட்டார். நடுவழியில் பஸ்ஸை நிறுத்திப் போலீஸ்காரர் ஒருவர் ஏறினார். மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் எந்தப் பையும் திறந்து பார்க்கப்படாமல் தப்புவதில்லை. பாஞ்சாலியின் பையிலிருந்து குழலை எடுத்து, அதன் வழியாகக் கண்ணை வைத்துப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். காது வைத்துக் கேட்கிற குழாய் என்றாள். யார் கேட்பார்கள் என்றார் அவர். அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை மதியம் போனபோது பிள்ளைக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். இருமக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே சதை குழிந்து குழிந்து போனது. இன்னும் இரண்டு நாள் தாங்கினால் அதிகம் என்று பாஞ்சாலிக்குத் தெரிந்தது. அவளுக்கு மட்டும் தெரிந்து என்ன பிரயோஜனம்? யார் சொன்னால் இவர்கள் கேட்பார்கள் என்று யோசித்தாள். அப்படி ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள்.

"கெளம்பு கங்கா. ராஜம்மா வூட்டுக்குப் போலாம்" என்றாள்.

கங்கா நம்ப முடியாமல் பார்த்தாள். பிறகு செருப்புகூடப் போடாமல் கிளம்பினாள். எழும்பூருக்கு நாலு நாளாக வராத கால் இதற்கு எப்படி ஓடுகிறது பார் என்று பாஞ்சாலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ராஜம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். வெற்றிலை மணக்கிற, அகலமான முகம். 'குழந்தைகளுக்குத் தொக்கம் எடுக்கப்படும்' என்று நீலப் பெயிண்டில் எழுதிய பலகை வாசலில் தொங்கியது. பாஞ்சாலியைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன் இவளைப் பற்றிக் கலெக்டருக்கே மனுப் போட்டவள் பாஞ்சாலி. அது ஊருக்கே தெரியும்.

"இன்னா நர்சம்மா, வழி தப்பி வந்துட்டியா? மனுவுக்குப் பதில் வந்துச்சா?"

"வரலக்கா" என்றாள் பாஞ்சாலி. அக்கா என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்தது அவளுக்கே கசந்தது. பிள்ளையை ராஜம்மாவின் மடியில் விடச் சொன்னாள். வெந்நீர் போட்டுக்கொண்டு வா என்று கங்காவைப் பின்கட்டுக்கு அனுப்பினாள். பிறகு பையிலிருந்து குழலை எடுத்து நீட்டினாள்.

"இத வச்சி நீயே கேளுக்கா. மொதல்ல இடது பக்கம். அப்புறம் வலது."

ராஜம்மா குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உன் கையிலும் ஒரு குழாய், என் கையிலும் ஒரு குழாய் என்று கேலியாகச் சொல்லிக்கொண்டே பிள்ளையின் இடது மார்பில் வைத்துக் காதை ஒட்டினாள். முகத்தில் ஆச்சரியம் தெரிந்தது. வலது பக்கம் மாற்றினாள். கொஞ்ச நேரம் அசையாமல் கேட்டாள். மறுபடி இடது, மறுபடி வலது. வாயிலிருந்த வெற்றிலையை வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து இன்னொரு தரம் கேட்டாள்.

"இந்தப் பக்கம் வூடு பூட்டிகினு கீது" என்றாள் மெதுவாக.

பாஞ்சாலி தலையாட்டினாள்.

"அன்னிக்கே நெனச்சேன். வயித்துல நின்னா புள்ள உமட்டும். இது உமட்டல, இருமுச்சு. இது நம்ம கைக்கு வர்ற கேஸு இல்லன்னு தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் எதுக்கு எடுத்துக் காட்டுன?" பாஞ்சாலியின் குரல் உயர்ந்துவிட்டது. பின்கட்டைப் பார்த்துத் தணித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் வரலன்னு சொன்னா அந்தப் பொண்ணு தூங்குவாளா? ராத்திரி முச்சூடும் பச்சத்தண்ணி குடிக்கல அவ."

அவள் தூங்கினாள், அதனால்தான் பிள்ளை சாகக் கிடக்கிறது என்றாள் பாஞ்சாலி. ராஜம்மா பிள்ளையின் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். உள்ளே கிடப்பதை எழும்பூரில் எடுப்பார்கள், நீ சொன்னால்தான் இவர்கள் போவார்கள், அன்றைக்கு எடுத்தது நிஜமில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு என்று பாஞ்சாலி கேட்டாள். கேட்கவில்லை, கெஞ்சினாள்.

"அத மட்டும் நான் சொல்ல மாட்டேன்" என்றாள் ராஜம்மா. "ரெண்டு கடல போச்சு, ஒண்ண எடுத்துட்டேன், இன்னொண்ணு நெஞ்சுப் பக்கம் தங்கிடுச்சுன்னு சொல்றேன். அது மெஷின் வச்சித்தான் எடுக்கணும்னு சொல்றேன். ஆனா நீயும் பக்கத்துல நின்னு ஆமான்னு சொல்லணும். நான் இப்டி சொல்லி நீ நாளைக்கி வந்து இல்லன்னு சொன்னா, என் கதி இன்னா?"

ஐந்து வருடமாக வாய் வலிக்கச் சொன்னதெல்லாம் பாஞ்சாலிக்கு நினைவு வந்தது. தொக்கம் என்று ஒன்று கிடையாது. தொப்புள் வழியாக எதுவும் வராது. எத்தனை வீட்டு வாசலில், எத்தனை தாய்மாரிடம். அத்தனையையும் ஒரு 'ஆமா'வில் தொலைக்கச் சொல்கிறாள் இவள். மடியில் கிடந்த பிள்ளை மூச்சை இழுத்தது, விலாவில் குழி விழுந்தது.

"சரிக்கா" என்றாள்.

அரை மணி நேரத்தில் ராஜம்மா வீட்டு வாசலில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். புருஷோத்தமன் கம்பெனிச் சட்டையோடே வந்து சேர்ந்தான். ராஜம்மா நடுவில் உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். போனது இரண்டு கடலை. வயிற்றுக்கு வந்ததை எடுத்தாயிற்று. மற்றது வலது நெஞ்சில் நிற்கிறது, இன்றைக்கே எழும்பூருக்குத் தூக்குங்கள். கங்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

புருஷோத்தமன் பாஞ்சாலியின் பக்கம் திரும்பினான். அவனுக்குக் கணக்கு இடித்தது போலிருக்கிறது.

"மேடம், அன்னிக்கு நீங்க அக்கா எடுத்ததே பொய்யின்னு சொன்னீங்களே?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ராஜம்மாவும் பார்த்தாள்.

"தப்பா சொல்லிட்டேன்" என்றாள் பாஞ்சாலி. "ராஜம்மாக்கா சொல்றதுதான் நெசம்."

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. நாலு நாளாக அசையாத குடும்பம் கால் மணி நேரத்தில் பஸ் ஏறியது. தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயில் பிடித்து எழும்பூர் போய்ச் சேரும் வரைக்கும் பாஞ்சாலி பிள்ளையைத் தன் தோளில் நிமிர்த்தி வைத்திருந்தாள். அன்று சாயங்காலமே சேர்த்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மயக்கம் கொடுத்து உள்ளே கொண்டுபோனார்கள். பதினொன்றரைக்கு ஒரு பெண் டாக்டர் வெளியே வந்தார். கையில் சின்ன பாட்டில், அதில் ஊறி ஊதிய அரைப் பருப்பு ஒன்று. வலது பக்கக் குழாயில்தான் இருந்தது, இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தால் எங்களால் முடிந்திருக்காது என்றார். வலது பக்கம் என்று சரியாகச் சொல்லிக் கொண்டுவந்தீர்களே, யார் பார்த்துச் சொன்னது என்று கேட்டார்.

"எங்க ஊரு ராஜம்மாக்கா, மேடம்" என்றான் புருஷோத்தமன். "தொக்கம் எடுக்கறவங்க."

டாக்டர் அவனை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு யூனிபார்ம் புடவையில் நின்ற பாஞ்சாலியைப் பார்த்தார். நீங்கள் அந்த ஊர் நர்ஸா என்று கேட்டார். ஆமாம் என்றாள். பிள்ளைக்குப் புரையேறி எத்தனை நாளாகிறது என்றார். பத்து நாள் என்றாள்.

"பத்து நாளா என்னம்மா பண்ணிக்கிட்டிருந்தீங்க? தொக்கம் எடுக்கறவங்களுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலையா?"

பாஞ்சாலி வாயைத் திறந்தாள். புருஷோத்தமன் பக்கத்தில் நின்றிருந்தான், கங்கா சுவரில் சாய்ந்து கைகூப்பி அழுதுகொண்டிருந்தாள். இவர்கள் முன்னால் உண்மையைச் சொன்னால் ராஜம்மாவின் மானம் போகும். போகட்டுமே! ஆனால் கொடுத்த வாக்கு ஒன்று இருந்தது. தப்புதான் மேடம் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். இதைவிட அந்த டாக்டர் அவளைக் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

மாலையில் பிள்ளையை வார்டுக்குக் கொண்டுவந்ததும் யாரையும் கேட்காமல் கட்டிலருகே போனாள். பையிலிருந்து குழலை எடுத்து வலது மார்பில் வைத்தாள். கரகரப்பு இருந்தது, ஆனால் அதையும் தாண்டிக் காற்று உள்ளே போய் வந்தது. அவள் காதை எடுக்கவே இல்லை. அழுகை வந்தது, குழலின் விளிம்பில் சொட்டியது. நர்சம்மா எதற்கு அழுகிறாள் என்று கங்காவுக்குப் புரியவில்லை, டாக்டரம்மா திட்டியதற்காக என்று நினைத்துக்கொண்டு, விடுங்க நர்சம்மா, உங்களுக்கு என்ன தெரியும் என்று தேற்றினாள்.

பிள்ளை ஊர் திரும்பிய அன்று, கங்கா முதலில் போனது ராஜம்மா வீட்டுக்குத்தான். வெற்றிலை பாக்கு, பழம், ரவிக்கைத் துணி எல்லாம் வைத்துக் கும்பிட்டு, கடலை கிடந்த பாட்டிலையும் அங்கேயே கொடுத்துவிட்டு வந்தாள். ராஜம்மா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். மெஷினுக்குத் தெரியாததும் அவளுக்குத் தெரியும் என்று வாலாஜாபாத் வரைக்கும் பேச்சுப் போயிற்று. பஸ் ஏறி வந்து இறங்குகிறவர்கள் பாஞ்சாலியிடமே வழி கேட்டார்கள். அவளும் கையை நீட்டிக் காட்டினாள்.

அடுத்தடுத்த இரண்டு புதன்கிழமையும் தடுப்பூசிக்கு வந்தது அதே நாலு பிள்ளைகள்தான். மூன்றாவது புதன்கிழமை பாஞ்சாலி ஊசிகளைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் தட்டியது. ராஜம்மா நின்றாள். இடுப்பில் யாருடையதோ ஒரு பிள்ளை. பின்னால் அதன் தாய். அதற்கும் பின்னால், இடுப்பில் பிள்ளைகளோடு இன்னும் ஏழெட்டுப் பெண்கள்.

"இது முந்தாநாளு தேங்கா சில்லு முழுங்கிடுச்சாம்" என்றாள் ராஜம்மா. "அந்தக் கொழாய வச்சி ரெண்டு பக்கமும் கேளு."

பாஞ்சாலி பிள்ளையை வாங்கி மேஜைமேல் உட்கார வைத்தாள். இடது பக்கம் கேட்டாள். வலது பக்கம் கேட்டாள். முதுகிலும் கேட்டாள். இரண்டு பக்கமும் காற்று சுத்தமாகப் போனது. பிள்ளை அவள் காதோலையைப் பிடித்து இழுத்துச் சிரித்தது.

"ஒண்ணுமில்ல. ரெண்டு பக்கமும் நல்லாப் போவுது" என்றாள்.

"அப்ப இது என்னுது" என்று ராஜம்மா பிள்ளையைத் தூக்க வந்தாள்.

பாஞ்சாலிக்கு வந்த கோபத்தில் கண் இருண்டது. மூன்று வருடத்துக்கு முன் எழுதிய மனு, ஐந்து நாள் அலைச்சல், எழும்பூரில் குனிந்த தலை, எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. ராஜம்மாவைத் தாண்டி வாசலைப் பார்த்தாள். எந்தப் புதன்கிழமையும் தானாக வந்திராத எட்டுப் பிள்ளைகள், வரிசையாக, குழாய் வைத்துப் பார்ப்பதற்காகக் காத்திருந்தன. பிள்ளையை ராஜம்மாவிடம் கொடுக்காமல் தன் மடியிலேயே இறுக்கிக்கொண்டாள்.

"தொக்கம் அப்புறம் எடுக்கலாம். இதுக்கு ரெண்டு தடுப்பூசி பாக்கி கீது, அத மொதல்ல போட்டுடறேன். நீ கால கெட்டியா புடிச்சுக்க" என்றாள்.

ராஜம்மா ஒரு நொடி தயங்கினாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து, பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டாள்.